சீனி வருத்தம், இரத்தக் குழாய், நாவற்பழம்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை மகள்

அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து நெடுங்காலம். குளிசையைத் தவறாமல் போடுகிறவர், சோற்றையும் குறைத்துவிட்டார், ஆனாலும் போன மாரியில் காற்பெருவிரலில் வந்த ஒரு சின்னக் காயம் ஆறவே மாட்டேன் என்று நின்றது. கிளினிக்கில் டொக்டர் பாதத்தில் நாடி பார்த்துவிட்டு, சீனி ஒரு பக்கம், காலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய் பழுதாகிறது, அதையும் கவனிக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் சீனி வருத்தம் என்றால் மீட்டரில் வருகிற எண் மட்டும்தான்.

அப்புறம் குழாயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்த இடமெல்லாம் புளூபெரி, ஸ்ட்ரோபெரி. இங்கிலாந்தில் செய்து 2019இல் வெளியான ஒரு ஆய்வில், உடற்பருமனும் மெட்டபொலிக் சின்ட்ரோமும் (வயிற்றுப் பருமன், பிரஷர், சீனி, இரத்தக் கொழுப்பு என்று பல பிரச்சினை ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற நிலை) உள்ள 115 பேருக்கு ஆறு மாதம் புளூபெரிப் பொடி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தினமும் 150 கிராம் பழத்துக்குச் சமமான பொடி எடுத்தவர்களுக்குக் குழாய் விரிகிற திறன் கூடியிருக்கிறது. பாதியளவு எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: அந்த 150 கிராம் எடுத்தவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காத நிலை, குறையவில்லை. குழாய்க்கு நல்லது நடந்திருக்கிறது, சீனிக்கு நடக்கவில்லை. ஆகவே மீட்டரில் எண் இறங்கவில்லை என்பதற்காகப் பழத்தால் பலனே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, பழம் சாப்பிடுகிறோம் என்பதற்காகக் குளிசையை விடவும் கூடாது.

புளூபெரிக்குத் திருகோணமலையில் எங்கே போவது? வந்தாலும் அந்த விலைக்கு யாரால் தினமும் வாங்க முடியும்? ஆனால் ஆடி, ஆவணியில் சந்தைப் பக்கம் போனால் கூடை கூடையாக நாவற்பழம். புளூபெரிக்கு நீலம் கொடுக்கிற அந்தோசயனின் என்ற நிறச்சத்துதான் நாவலிலும் இருக்கிறது, நாக்கை ஊதாவாக்குவது அதுதான். அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணம் கொடுக்கிறோம். முன்பு அந்த நேரத்தில் தொதல், மஸ்கெட் என்று ஏதாவது ஒன்று வாய்க்குள் போகும். அந்த இனிப்பு நின்றதே எனக்குப் பெரிய விசயம். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

நிலாவெளி, ஓய்வுபெற்ற தாதி

தங்கச்சி, நல்ல விசயம் தொடங்கினீர்கள். வார்டில் இருந்த காலத்தில் கால் விரல் எடுத்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அதில் அநேகம் பேர் காயம் நோகவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டு வந்தவர்கள். அதனால் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரேயொரு கல அடுக்கு இருக்கிறது, எண்டோதீலியம் என்பார்கள். அதுதான் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை உண்டாக்கி, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரத்தத்தில் சீனி கூடி நின்றால் ஒட்சியேற்றம் செய்கிற மூலக்கூறுகள் பெருகி, இந்த வாயுவை வேலை செய்ய விடாமல் அழிக்கின்றன. பிறகு குழாய் இறுகுகிறது, கொழுப்பும் படிகிறது. கண், சிறுநீரகம், இதயம், பாதம் எல்லாம் பழுதாகப் போவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

பழத்தின் நிறச்சத்து அப்படியே இரத்தத்துக்குள் போவது குறைவு. பெரும்பகுதியைப் பெருங்குடலில் உள்ள பக்ரீரியா உடைக்கிறது, அந்தச் சின்னத் துண்டுகள்தான் இரத்தத்தில் சேர்ந்து இந்த வாயுவுக்குத் துணை நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆய்வில் அளக்கிற முறையும் இலகுவானது: பிரஷர் பார்க்கிற பட்டியைக் கையில் இறுக்கி ஐந்து நிமிடம் இரத்தத்தை மறித்துவிட்டு, சட்டென்று விடுவார்கள். அப்போது கைக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். ஆரோக்கியமான குழாய் நன்றாக விரியும்.

ஒன்று கவனியுங்கள். நீங்கள் சொன்ன ஆய்வு புளூபெரியில் நடந்தது, நாவலில் இல்லை. சத்து ஒரே குடும்பம் என்பதால் நம்பிக்கை வைக்கலாம், அளவை அப்படியே எடுத்துப் பொருத்தக்கூடாது.

கிண்ணியா ராத்தா

எங்கட உம்மாவும் நாவல் என்றால் விடமாட்டா. ஆனால் எப்படி? உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கி, ஒரு கோப்பை நிறைய. உம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது. குழாய்க்கு நல்லது என்று பழத்தைக் கொடுத்து, கூடவே அவ்வளவு உப்பையும் கொடுத்தால் என்ன பலன்? இப்போது கழுவி அப்படியே கொடுக்கிறோம். முதலில் கோபித்துக்கொண்டா, பிறகு பழகிவிட்டது.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு வாப்பா ஒருவர், யாரோ விற்ற நாவல் விதைத் தூளை வாங்கி, இது போதும் என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு மெட்போமின் என்ற சீனிக் குளிசையை நிறுத்திவிட்டார். கடைசியில் சீனி ஏறி, மயங்கின நிலையில் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு ஓடினோம். அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாரும் அப்படி விற்கிறவரை நம்பி மருந்தை நிறுத்த விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பலகாமம் வாத்தியார்

எனக்கே சீனி இருப்பதால் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கோடையில் காட்டுப் பக்கத்திலிருந்து பாலைப்பழம் வரும், சிறுவயதிலிருந்தே எனக்கு உயிர். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் மீட்டரில் பார்த்தால் நன்றாக ஏறி நிற்கும். நாவல் ஒரு கைப்பிடி என்றால் அப்படி ஏறுவதில்லை. காட்டுப்பழம் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொருவரும் தங்கள் உடம்பில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூஸ் விசயத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தாதிமாரையும் மற்றச் சுகாதார ஊழியரையும் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், புளூபெரி, திராட்சை, அப்பிள் போன்றவற்றை முழுப்பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் வந்திருக்கிறது. அதே 2013இல் 93,600 பெண் தாதிமாரை 18 வருடம் தொடர்ந்த இன்னொரு ஆய்வு, வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் புளூபெரியும் ஸ்ட்ரோபெரியும் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைவு என்றது. இரண்டும் ஆட்கள் தாங்களாகச் சாப்பிடுவதைக் கவனித்துப் பார்த்தவைதான், பழத்தைக் கொடுத்துச் சோதித்தவை அல்ல, அதனால் பழம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நெல்லி ரசம் என்று போத்தலில் வருகிற சீனிப்பாணியை மருந்து என்று குடிப்பதை இதோடு நிறுத்துங்கள்.

உவர்மலை மகள்

வாத்தியார் ஐயா, நெல்லியைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஹைதராபாத்தில் நீரிழிவு நோயாளிகள் 80 பேரிடமே 12 வாரம் பார்த்திருக்கிறார்கள். நெல்லிக்காயிலிருந்து எடுத்த சத்தைக் குளிகையாகக் கொடுத்தபோது எண்டோதீலியம் நன்றாக வேலை செய்திருக்கிறது, 2013இல் வெளிவந்தது. இது நேரே சீனி வருத்தக்காரரில் நடந்தது என்பதால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. நாவல் இல்லாத மாதங்களில் பச்சை நெல்லியை அரிந்து, உப்பில்லாமல் சம்பலில் போடுகிறேன். நாவலையும் கழுவி, விதை நீக்கி, பெட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். குளிரில் நிறச்சத்து ஓரளவு தங்கும், ஜாம் காய்ச்சினால் சூட்டில் நிறையப் போய்விடும், சீனியும் சேரும்.

சாம்பல்தீவு

என் கணவருக்குச் சிறுநீரகத்திலும் பிரச்சினை சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் கொடுக்கலாமா அக்கா?

நிலாவெளி, ஓய்வுபெற்ற தாதி

பொறுங்கள் பிள்ளை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும், அப்போது பல பழங்களுக்குக் கட்டுப்பாடு வரும். கடைசி இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம், கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற அளவு) எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் என்ன பழம், எவ்வளவு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை கொடுக்க வேண்டாம். போகிற அன்று செருப்பைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதத்தையும் காட்டிவிட்டு வாருங்கள், விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.