முதல் பிரசவம்: வீட்டுலயா, ஆஸ்பத்திரியிலயா? குழந்தைக்கு உரைமருந்து வேணுமா?

மல்லி_மதுரை:
வணக்கம் தோழிகளே. முதல் குழந்தை, 31 வாரம் ஓடுது. பி.பி., சுகர் எல்லாம் சரியா இருக்கு. தலை கீழ திரும்பிருச்சுன்னு போன ஸ்கேன்ல சொன்னாங்க. என் நாத்தனார் இயற்கைப் பிரசவ வகுப்புக்குப் போய், ரெண்டாவது குழந்தையை வீட்டுலயே பெத்துக்கிட்டவங்க. நீயும் அப்படியே பண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தைக் கிழிச்சிருவாங்கன்னு தினமும் ஃபோன் பண்றாங்க. வீட்டுக்காரரும் பாதி மனசா அந்தப் பக்கம் சாயுறார். எனக்கு சிசேரியனும் வேண்டாம், வீட்டுல பெத்துக்கவும் பயமா இருக்கு. அம்மா வேற உரைமருந்து, சாம்பிராணி, மூக்குல எண்ணெய்னு இப்பவே எல்லாம் எடுத்து வச்சிட்டாங்க. எதைச் செய்யலாம், எதை விடலாம்?

வேம்பு_கோவை:
மல்லி, உங்க நாத்தனாருக்கு அந்த பயம் சும்மா வரலைங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல நூத்துக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரி மட்டும் எடுத்தா 63.8. அதுக்கு முந்தின ஆய்வுல மாநிலம் முழுக்கச் சேர்த்து 34.1 தான். இந்த அஞ்சாறு வருஷத்துல நம்ம பொண்ணுங்க உடம்பு மாறிடல, ஆஸ்பத்திரி நடக்கிற விதம்தான் மாறியிருக்கு. சிசேரியன் நூத்துக்குப் பத்தைத் தாண்டிப் போறதால ஒரு நாட்டுல தாய் சேய் இறப்பு மேற்கொண்டு குறையறதில்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிடுச்சு.

நான் கர்ப்பிணிகளுக்கு யோகா சொல்லித் தர்றவ. இப்ப இருந்து தினமும் நடங்க, குத்தவச்சு உக்காந்து எந்திரிங்க, மூச்சை நீளமா வெளிய விட்டுப் பழகுங்க. 34 வாரத்துக்கு மேல பிறப்பு வழிப் பகுதியை எண்ணெய் தொட்டு மெதுவா நீவி விட்டா, முதல் பிரசவத்துல அந்த இடத்துல வெட்டுப் போட வேண்டிய தேவை குறையுதுன்னு ஆய்வே இருக்கு. வலி வந்ததும் மல்லாக்கப் படுக்காதீங்க. நடங்க, முட்டி போடுங்க, சுவத்தைப் பிடிச்சு நில்லுங்க. ஆபத்தில்லாத கர்ப்பத்துக்கு, பக்கத்துல அனுபவமுள்ள ஒரு பொண்ணு இருந்தா வீடே போதும்ங்கிறது என் கருத்து.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
மல்லிம்மா, வேம்பு சொன்ன நடை, மூச்சு, குத்தவச்சு உக்காருறது எல்லாத்தையும் செய். கடைசி வரியை மட்டும் காதுல வாங்காதே.

வேலைக்காலம் முழுக்கப் பிரசவ வார்டுலயே இருந்தவ நான். பிரசவம் முடிஞ்சு, நஞ்சுக்கொடி விழுந்து, மேல ரெண்டு மணி நேரம் கடந்த பிறகுதான் ஆபத்தில்லைன்னு நாங்க வாயைத் திறப்போம். நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. நஞ்சு பிரிஞ்ச இடத்துல அத்தனை ரத்தக்குழாயும் திறந்து கிடக்கும். கர்ப்பப்பை இறுகினாத்தான் அது அடைபடும். அதுக்குத்தான் குழந்தை வெளிய வந்ததும் தொடையில 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுறோம். யாருக்கு இறுகாமப் போகும்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்ல. எந்தக் குறையும் இல்லாத பொண்ணுங்களுக்கே வந்து பார்த்திருக்கேன்.

2018 ஜூலையில திருப்பூர்ல வீடியோ பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்த்தாங்க. குழந்தை பிழைச்சது, தாய் ரத்தப்போக்குல போயிட்டா. அவளுக்கும் அது ரெண்டாவது பிரசவம்தான். உன் நாத்தனாருக்கு நல்லபடியா முடிஞ்சதுக்கு சந்தோஷப்படுறேன். அதை வச்சு உனக்கும் அப்படியே முடியும்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல.

வேம்பு_கோவை:
சிஸ்டர், திருப்பூர்ல நடந்ததை நானும் ஆதரிக்கலைங்க. அங்க பயிற்சி உள்ளவங்க ஒருத்தரும் இல்ல. இங்கிலாந்துல, நெதர்லாந்துல பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்கறாங்க. அங்க சட்டமே அனுமதிக்குது. நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல மருத்துவச்சிதானே பார்த்தாங்க?

பீடியாட்ரிக்ஸ்_பிஜி:
இங்கிலாந்து உதாரணத்தை முழுசாச் சொல்லணும். 2011ல அங்க ஆபத்துக் குறைவான அறுபத்தி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொண்ணுங்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. ரெண்டாவது, மூணாவது பிரசவத்துக்கு வீடும் ஆஸ்பத்திரியும் குழந்தைக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. முதல் பிரசவத்துல நிலைமை வேற. குழந்தைக்கு மோசமான விளைவு ஆஸ்பத்திரியில ஆயிரத்துக்கு 5.3, வீட்டுல 9.3. வீட்டுல ஆரம்பிச்ச முதல் பிரசவங்கள்ல நூத்துக்கு 45 பேரை நடுவுலயே ஆஸ்பத்திரிக்கு மாத்த வேண்டி வந்தது. இது பதிவு பெற்ற மருத்துவச்சி, கையில ஊசி, ஆக்சிஜன், வாசல்ல ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கிற நாட்டுல. மல்லிக்கு இது முதல் பிரசவம்.

பழைய காலத்து மருத்துவச்சிகள் மேல எனக்கு மரியாதை உண்டு. அந்தக் காலத்துல எத்தனை தாய்மார் பிரசவத்துல போனாங்கங்கிறதையும் சேர்த்து நினைக்கணும். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறப்பு. இந்த அளவுக்குக் குறைஞ்சதுல, ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டதுக்குப் பெரிய பங்கு இருக்கு.

அருள்_ஒரு_அப்பா:
நான் எந்தப் பக்கமும் இல்லை, நடந்ததைச் சொல்றேன். என் மனைவிக்கு 39 வாரத்துல, வலியே வராதப்போ, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தி வலி வரவச்சாங்க. காரணம் கேட்டதுக்குச் சரியான பதில் இல்லை. சாயங்காலம், கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்ததோட நிக்குது, இனி காத்திருக்க முடியாதுன்னு சிசேரியன். என்னை உள்ளயே விடல. மாமியாரையும் விடல. அவ தனியா அழுதுக்கிட்டே இருந்திருக்கா. குழந்தையை அம்மா நெஞ்சுல போடவே ராத்திரி ஆயிடுச்சு. வீட்டுப் பிரசவம் தப்புன்னு சொல்ற சிஸ்டரும் டாக்டரும் இதுக்கும் ஒரு பதில் சொல்லணும். இப்படி நடத்துறதாலதான் ஜனங்க வகுப்பு நடத்துறவங்க பின்னாடி போறாங்க.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
தம்பி, உங்க மனைவிக்கு நடந்தது சரியில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட 2018 வழிகாட்டுதல்ல, 5 சென்டிமீட்டருக்கு அப்புறம்தான் பிரசவ வலி வேகம் பிடிக்குதுன்னு இருக்கு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகணும்ங்கிற பழைய கணக்கையும் விடச் சொல்லிட்டாங்க. தாயும் சேயும் நல்லா இருந்தா 4லயே நிக்குதுங்கிறது மட்டும் கத்தி எடுக்கக் காரணம் ஆகாது. கூட ஒருத்தரை இருக்க விடணும், விருப்பப்பட்ட நிலையில இருக்க விடணும், எல்லாருக்கும் வெட்டுப் போடக் கூடாது, எல்லாருக்கும் எனிமா குடுக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. அரசு பிரசவ வார்டுகளுக்கு 2017ல வந்த லக்‌ஷ்யா திட்டத்துலயும் துணைக்கு ஆள் விடணும்னு இருக்கு.

ஏன் நடக்கலைன்னா, ஒரு நர்ஸ் ஒரே நேரத்துல நாலஞ்சு பேருக்கு வலி பார்க்கிறா. சின்ன தனியார் ஆஸ்பத்திரியில ராத்திரி மயக்க மருந்து டாக்டர் கிடைக்க மாட்டார், அதனால பகல்லயே முடிச்சிரலாம்னு பார்க்கிறாங்க. நல்ல நேரம் குறிச்சுக்கிட்டு வந்து, இந்த மணிக்கு எடுத்துக் குடுங்கன்னு கேக்குற குடும்பமும் இருக்கு. முதல்லயே ஒரு சிசேரியன் ஆனவங்களுக்கு அடுத்ததும் பெரும்பாலும் அதுவாவே முடியுது. அந்த 44.9க்குள்ள இத்தனையும் அடக்கம்.

வேம்பு_கோவை:
இப்பத்தான் சிஸ்டரும் நானும் ஒரே இடத்துக்கு வர்றோம்ங்க. முதல் பிரசவத்துக்கு வீடுன்னு இனி நான் அழுத்திச் சொல்லல, இங்கிலாந்துக் கணக்கு யோசிக்க வைக்குது. ஆனா "ஆஸ்பத்திரிக்குப் போ"ங்கிறதோட நிறுத்திடாதீங்க. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருத்தர் இருந்தா சிசேரியன் குறையுது, வலி நேரம் குறையுது. பதினஞ்சாயிரம் பேருக்கு மேல சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு சொல்லுது. அதுக்கு மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு நாற்காலி போட்டாப் போதும். அதைக்கூட மறுக்கிற ஆஸ்பத்திரியை எப்படி நம்பறது? மத்திய அரசு 2018 கடைசியிலயே மருத்துவச்சி சேவைக்கு வழிகாட்டுதல் போட்டு, நர்சிங் முடிச்சவங்களுக்கு 18 மாசப் பயிற்சின்னு சொல்லிடுச்சு. தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் அவங்க வரணும். இதைக் கேட்டுப் போராடுறதுதான் இயற்கைப் பிரசவம் பேசறவங்களோட வேலைன்னு நான் நினைக்கிறேன்.

நெல்லை_ஆச்சி:
ஏட்டி மல்லி, பிரசவத்தைப் பத்தி எல்லாரும் பேசிட்டாவ. பிள்ளை பிறந்ததுக்கு அப்புறம் நான் சொல்லுதேன். ஏழு பேரப்பிள்ளையளை என் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனவ நான். தேங்காண்ணெய் தேச்சு, கை காலை நீவி, வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, துணியில சுத்தி தூளியில போட்டா பிள்ளை அயந்து தூங்கும். பவுடர், லோஷன், சோப்பு எதுவும் வேண்டாம். பெத்தவளுக்கு பேறுகால மருந்து, பூண்டுக் குழம்பு, பால் ஊறச் சுறாப்புட்டு. உரைமருந்து வசம்பு, ஜாதிக்கா, மாசிக்கா, சுக்கு, கடுக்கா. நான் வளத்த பிள்ளையள் ஒண்ணும் கெட்டுப் போவல.

பீடியாட்ரிக்ஸ்_பிஜி:
ஆச்சி, எண்ணெய் தேய்க்கிறது, பேபி லோஷன் வேண்டாம்னு சொன்னது எல்லாம் சரி. நீங்க நீவி விடுற நீவலைக் கல்கத்தாவுல ஒரு தாய் செய்யப் பார்த்து வியந்துதான் லெபோயேங்கிற பிரெஞ்சு மருத்துவர் மேல்நாட்டுக்கே அதைக் கொண்டு போனார். குறைமாசக் குழந்தையைக் கூட அம்மா நெஞ்சோட தோல் படக் கட்டி வைக்கிற முறை 1978ல கொலம்பியாவுல, இன்குபேட்டர் பத்தாத ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சது. இன்னைக்கு அதைத்தான் முதல் சிகிச்சையா வைக்கச் சொல்றாங்க. முதல் குளியலை மட்டும் 24 மணி நேரம் தள்ளிப் போடுங்க, குழந்தை உடம்பு சட்டுனு குளிர்ந்துடும்.

ஆனா வார்டுல நான் பார்க்கிறதைச் சொல்லியே ஆகணும். மூக்குலயும் வாயிலயும் எண்ணெய் விட்டு, அது நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியாவோட குழந்தைங்க வருது. குளிப்பாட்டும்போது குழந்தையோட மார்புல பால் கட்டியிருக்குன்னு பிழிஞ்சு, சீழ் வச்சு வருது. சாம்பிராணிப் புகையில மூச்சுத் திணறி வருது. சேனைன்னு தேனைத் தொட்டு வைக்கிறாங்க. ஒரு வயசுக்குள்ள தேன் குடுத்தா பாட்டுலிசம்னு ஒரு நச்சு நோய் வரலாம், தசையெல்லாம் தளர்ந்து மூச்சே நின்னு போகும். தொப்புள்ல எதையும் வைக்காதீங்க. மஞ்சள் காமாலைன்னா காலை வெயில்ல காட்டிட்டு வீட்டுலயே உக்காந்திருக்காதீங்க.

நெல்லை_ஆச்சி:
மூக்குல எண்ணெய் விடுறது, மாரைப் பிழியுறது நானும் செய்யமாட்டேன் டாக்டர் தம்பி. என் மாமியா செய்வாவ, நான் விட்டுட்டேன். உரைமருந்தை மட்டும் விடச் சொல்லாதீய. கவருமெண்டே அம்மா மகப்பேறு சஞ்சீவின்னு ஒரு பெட்டி குடுத்துச்சே, அதுல லேகியம், தைலத்தோட உரை மாத்திரையும் உண்டும்லா? அப்ப அது தப்பா?

பீடியாட்ரிக்ஸ்_பிஜி:
அந்தப் பெட்டியில 11 சித்த மருந்து இருந்தது, உரை மாத்திரையும் ஒண்ணு. அது அளவு பார்த்துச் செஞ்ச மாத்திரை. வீட்டுல கல்லுல உரைக்கும்போது எத்தனை உரை, எவ்வளவு வசம்பு இறங்குச்சுன்னு யாருக்கும் தெரியாது. கல்லையும் தண்ணியையும் காய்ச்சாம விட்டா வயித்துப்போக்குதான் மிஞ்சும். சித்த மருத்துவர் ஒருத்தர் குழந்தையைப் பார்த்து, எடைக்கு ஏத்த அளவு சொன்னா அவரோட பேசலாம். என்னைக் கேட்டா முதல் ஆறு மாசம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் வேண்டாம்னுதான் சொல்வேன். சீம்பாலை மட்டும் பீய்ச்சிக் கீழ ஊத்திடாதீங்க.

நெல்லை_ஆச்சி:
சீம்பாலை யாரு ஊத்துவா! அது பிள்ளைக்கு உள்ளது. உரைமருந்து விஷயத்துல உம்ம பேச்சு எனக்கு முழுசா ஒப்பல. மல்லி, சித்த வைத்தியர் ஒருத்தரைக் கேட்டுக்கோ.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
ஆச்சி, பெத்தவளுக்குத் தண்ணி குடுக்காம வைக்கிற பத்தியம் மட்டும் வேண்டாம்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நிறைய வீட்டுல இன்னும் நடக்குது. நாக்கு வறண்டு கிடக்கிறவளுக்குப் பால் எப்படி ஊறும்?

மல்லி_மதுரை:
எல்லாருக்கும் நன்றி. இதை வீட்டுக்காரர்கிட்ட முழுசா வாசிச்சுக் காட்டினேன். அந்த 45 பேர் கணக்கைக் கேட்டதும் வீட்டுப் பிரசவப் பேச்சை விட்டுட்டார். நாத்தனார்கிட்ட அவரே பேசுறேன்னிருக்கார். அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட கேக்க எழுதி வச்சிருக்கேன்: அம்மாவோ வீட்டுக்காரரோ கூட இருக்கலாமா, நடக்க விடுவீங்களா, காரணம் இல்லாம ட்ரிப்ஸ் ஏத்தாம இருப்பீங்களா, தேவை இருந்தா மட்டும் வெட்டுப் போடுவீங்களா, குழந்தையை உடனே நெஞ்சுல போடுவீங்களா. இதுல விட்டுப் போனது ஏதாவது இருக்கா?

வேம்பு_கோவை:
தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது கழிச்சு வெட்டச் சொல்லுங்க, குழந்தைக்கு ரத்தம் கூடுதலாப் போகும். இதுல ஒண்ணுக்கும் பிடி குடுக்காமப் பேசினா இப்பவே வேற ஆஸ்பத்திரி பாருங்க. 36 வாரத்துக்கு மேல மாத்தறது கஷ்டம்.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
ராத்திரியில சிசேரியன் பண்ண ஆளும் ரத்தமும் அங்கயே இருக்கான்னு கேளு. இல்லைன்னா எங்க அனுப்புவாங்க, எவ்வளவு நேரம் ஆகும்னு கேளு. உன் ரத்த வகைக்குக் குடுக்கத் தயாரா ரெண்டு பேரை இப்பவே சொல்லி வை. குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி., ஹெபடைட்டிஸ் பி மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூணையும் இயற்கைன்னு சொல்லி யாரும் தடுக்க விடாதே. பனிக்குடம் உடைஞ்சாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்காம 108ஐக் கூப்பிடு.