போட்டியில் வீரர் போட்ட ஜெர்சியை நாம் போட்டுக்கொள்ளலாமா?

சட்டைப்பெட்டி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. போட்டியில் உண்மையாகவே பயன்பட்ட நாலு பொருட்கள் கைவசம் இருக்கின்றன. பாலியஸ்டர் கால்பந்து ஜெர்சி (எண் சூட்டில் அழுத்தி ஒட்டியது), வீரர் மார்க்கரில் கையெழுத்துப் போட்ட ஐஸ் ஹாக்கி ஜெர்சி, 1960-களின் கம்பளி பேஸ்பால் சட்டை, 1990-களின் கூடைப்பந்து ஷூ. மேட்ச் பார்க்கப் போகும்போது இவற்றில் எதையாவது போட்டுக்கொண்டு போகலாமா? ஒருமுறை போட்டால் அப்படி என்ன கெட்டுவிடும்? போட்ட பிறகு துவைக்கலாமா? இப்போதைக்கு விற்கும் எண்ணம் இல்லை.

நூலிழை:

போடாதீர்கள் என்பதுதான் என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஜெர்சிக்கும் கடையில் விற்கும் அதே மாடலுக்கும் உள்ள வித்தியாசமே அதன் மேல் இருக்கும் தடயங்கள்தான். அக்குளில் வியர்வைக் கறை, முழங்கைப் பக்கம் புல் கறை, ஹாக்கி ஜெர்சியின் கையில் பக் எனும் ரப்பர் வட்டும் மட்டையும் உரசிய கருப்புத் தடம், கிழிந்த இடத்தில் அவசரமாகப் போட்ட தையல். நீங்கள் மூன்று மணி நேரம் போட்டால் உங்கள் வியர்வையும் உங்கள் தோள்பையின் உரசலும் அதே துணியில் ஏறிவிடும். எது வீரருடையது, எது உங்களுடையது என்று அதற்குப் பிறகு பிரித்துச் சொல்ல வழியே இல்லை. துணி கிழியாவிட்டாலும் சாட்சி கலப்படமாகிவிட்டது.

போட்டோ மேட்ச் செய்பவர்கள், அதாவது ஜெர்சியை மேட்சில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு அதுதானா என்று உறுதி செய்பவர்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எண்ணின் ஓரம் மெஷ் (வலை போன்ற துணி) துளைகளை எந்த இடத்தில் வெட்டுகிறது, கோடுகள் பக்கத் தையலில் எப்படிச் சேர்கின்றன, பேட்ஜ் எத்தனை சாய்ந்திருக்கிறது, எந்த நூல் இழுபட்டிருக்கிறது. 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் மரடோனா போட்ட நீல ஜெர்சி 2022-இல் ஏலத்துக்கு வந்தபோது, அது முதல் பாதியில் போட்டதா, கோல்கள் விழுந்த இரண்டாம் பாதியில் போட்டதா என்றே சர்ச்சை எழுந்தது. அந்த மேட்சுக்கான ஜெர்சிகளில் எண்ணும் பேட்ஜும் கடைசி நேரத்தில் அவசரமாகப் பொருத்தப்பட்டவை. ஒன்றில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. ஏல நிறுவனமும் பேட்ஜ், கோடுகள் போன்ற நுணுக்கங்களைப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் இரண்டாம் பாதி என்று சொன்னது. எண் ஒரு ஓரத்தில் பெயர்ந்து, நாம் திரும்ப இஸ்திரி போட்டு ஒட்டினால், இப்படிப்பட்ட சாட்சிதான் அழியும்.

கண்ணுக்கு உடனே தெரியாத சேதம் இன்னொரு பக்கம். வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் துணியில் தங்கி, மாதக்கணக்கில் காற்றுப் பட்டுப் பட்டு மஞ்சளாகும். வியர்வை தடுக்கும் டியோடரண்டில் உள்ள அலுமினிய உப்பு அக்குள் துணியை விறைப்பாக்கும். சன்ஸ்கிரீன் கழுத்துப் பட்டியில் ஒட்டினால், தண்ணீரில் இரும்புச்சத்து இருக்கும் பட்சத்தில் துவைக்கும்போது துருநிறக் கறையாக மாறும். சூட்டில் ஒட்டிய எண்கள் வருடங்கள் ஆக ஆக விறைத்துப்போகும். உட்கார்ந்து எழும்போது வயிற்றுப் பக்கம் மடிகிற இடத்தில் முதல் வெடிப்பு விழும். அந்த வெடிப்புக்கு மருந்து கிடையாது.

கம்பளிச் சட்டையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 1970-இல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இழுபடும் பின்னல் துணிக்கு மாறிய பிறகு, சில ஆண்டுகளுக்குள் கம்பளிச் சட்டை பேஸ்பாலை விட்டே போய்விட்டது. ஆக, உங்களுடையதற்கு எப்படிப் பார்த்தாலும் அரை நூற்றாண்டு வயது. அந்தத் துணி இழுபடாது, அதைத் தைத்த நூலோ நைந்திருக்கும். கையைத் தூக்கினால் அக்குள் தையல் விட்டுவிடும்.

வலதுஓரம்:

நூலிழை சொன்னதில் கம்பளிச் சட்டை விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போடுவதை நான் ஏற்கவில்லை. புதிய பாலியஸ்டர் ஜெர்சி ஓடி, விழுந்து, இழுபட்டு, துவைபடுவதற்கென்றே செய்த துணி. நாம் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் துணி போய்விடாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குறிப்பிட்ட ஜெர்சியின் மதிப்பு எதில் இருக்கிறது? ஒரு குறிப்பிட்ட மேட்ச், ஒரு குறிப்பிட்ட கோல் என்று படத்தோடு பொருந்தியிருந்தால் தொடாதீர்கள். வீரருக்குக் கொடுத்தும் களத்தில் இறங்காத ஜெர்சி, பயிற்சிச் சட்டை, வார்ம்-அப் மேல்சட்டை என்றால் தாராளமாகப் போடலாம். போட்டுக்கொள்ள ஆசையிருப்பவர்கள் அந்த வகையில் ஒன்று தனியாக வாங்கி வைப்பது நல்லது.

போடுவதாக முடிவு செய்தால்:

முதலில் படம் எடுங்கள். முன், பின், உள்புறம் முழுதாக. பிறகு ஒவ்வொரு கறை, தையல், எண்ணின் ஓரம் எல்லாம் கிட்டத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் உரசல் தடங்கள் தெளிவாகத் தெரியும். இந்தப் படங்கள் இருந்தால்தான் பின்னால் வந்த கறை எது என்று காட்ட முடியும்.

உள்ளே முழுக்கை காட்டன் பனியன். சென்ட், டியோடரண்ட், சன்ஸ்கிரீன், கிரீம் எதுவும் கூடாது. தோள்பை, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கடிகார வாரின் கொக்கி மாட்டினால் மெஷ் துணியில் நூல் இழுபடும். மார்பளவில் உடம்புக்கு நாலு விரல் இடம் விடாத ஜெர்சியைப் போடவே வேண்டாம்.

அசல் என்று சான்று சொல்லும் ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் பேஸ்பால் 2001 முதல் நடத்தும் சான்றளிப்பு முறையில் அந்த ஸ்டிக்கரின் வரிசை எண்தான் பொருளைப் பதிவேட்டோடு இணைக்கிறது. உரித்தால் சிதையும்படி செய்தது அது. பெல்ட்டிலோ நாற்காலி விளிம்பிலோ உரசிப் போனால் அந்த இணைப்பும் போகும்.

கையெழுத்துப் போட்ட ஹாக்கி ஜெர்சியைப் போடாதீர்கள். மார்க்கர் மையைச் சானிடைசரில் உள்ள ஆல்கஹால் கரைக்கும். கையில் தடவி ஈரம் காயாமல் மார்பில் கை வைத்தால் எழுத்து ஊறிப் பரவிவிடும். வெயிலும் அந்த மையை வெளுக்க வைக்கும்.

கழற்றியதும் மடிக்காமல், நிழலில் ஒரு சுத்தமான துண்டின் மேல் விரித்து ஒரு நாள் முழுக்க காயவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போனால் பூஞ்சைதான்.

ரப்பர்சோல்:

ஷூவைப் பற்றி இருவரும் சொல்லவில்லை. நாலில் அதுதான் உடனே பாழாகக்கூடியது.

1990-களின் கூடைப்பந்து ஷூக்கள் பலவற்றில் நடுசோல் பாலியூரித்தேன் என்ற நுரை போன்ற பிளாஸ்டிக். காற்றின் ஈரம் அதன் இரசாயனப் பிணைப்பை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். டப்பாவை விட்டு எடுக்காவிட்டாலும் இது நடக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே ரஸ்க் மாதிரி ஆகியிருக்கும். போட்டு நாலு அடி வைத்தால் குதிகாலில் பிளந்து பொடியாகக் கொட்டும். சோதிக்கிறேன் என்று வளைத்துப் பார்க்காதீர்கள். குதிகால் பக்கம் பெயின்டில் முடியளவு விரிசல், தொட்டால் பிசுபிசுப்பு, டப்பாவில் பொடி — இதில் ஒன்று இருந்தாலும் கதை முடிந்தது. புது சோல் மாற்றினால் நடக்கலாம், ஆனால் வீரர் போட்டு ஆடிய சோல் அதில் இருக்காது.

சிலிக்கா ஜெல் பைகளைக் கணக்கில்லாமல் போடுவதும் தவறு. ரொம்ப உலர்ந்தால் தோல் வெடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். உள்ளே அமிலமில்லா டிஷ்யூ தாள் அடைத்து, நேராக நிற்க வையுங்கள்.

சட்டைப்பெட்டி:

நன்றி. ஷூவையும் கம்பளியையும் விட்டுவிடுகிறேன். கால்பந்து ஜெர்சியில் பழைய வியர்வை வாடை இருக்கிறது, லேசாக அலசலாமா? கம்பளிச் சட்டையில் இரண்டு சின்ன ஓட்டை தெரிகிறது, பூச்சியா?

நூலிழை:

அலச வேண்டாம். வாடையோடு மண்ணும் புல் கறையும் போய்விடும், அவைதான் உங்களிடம் இருக்கும் ஆதாரம். காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் விரித்து வைத்தாலே பெரும்பாலும் தணியும்.

ஓட்டையின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நூல்முனைகள் கடித்து எடுத்தது போல இருந்து, பக்கத்தில் மணல் போன்ற எச்சமோ வெள்ளைக் கூடோ தெரிந்தால் அந்துப்பூச்சிதான். சட்டையை டிஷ்யூவில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; 24 மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் துணியிலேயே தண்ணீர் கோக்கும். உறைந்திருக்கும்போது வளைக்கவும் கூடாது. பிறகு மற்ற சட்டைகளிலிருந்து தள்ளி, ஹேங்கரில் தொங்கவிடாமல், பெட்டியில் படுக்கையாக வையுங்கள். மாதம் ஒருமுறை பெட்டியின் மூலைகளைப் பாருங்கள். புதிதாக எச்சம் விழுந்திருந்தால் மறுபடியும் ஃப்ரீசர்.