பிரேத வேஷம் போட்டு வரச் சொல்றாங்க, ஹாலோவீன்னா என்னங்க அர்த்தம்?

கொழிஞ்சாம்பாறை அப்பா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம பொண்ணு மூணாவது படிக்கறா, பாலக்காட்டுப் பக்கம் இங்கிலீஷ் மீடியம். நேத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல டீச்சர் மலையாளத்துல வாய்ஸ் போட்டிருந்தாங்க, 31ஆம் தேதி ஹாலோவீன், குழந்தைங்க எல்லாம் பிரேத வேஷத்துல வரணும்னு. பக்கத்துல வெங்காயம் உரிச்சிட்டிருந்த அம்மிச்சி காதுல அது விழுந்துருச்சு, அவ்ளோதான், "பச்சப்புள்ளைக்குப் பொண வேஷமா, பாடையும் ஸ்கூல்லயே தருவாங்களா"ன்னு ஒரே ரகளை. மலையாளத்துல பிரேதம்னா பேய், நமக்குத்தான் பொணம்னு அவங்களுக்குப் புரிய வைக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போச்சு. அப்புறம் "சரி அதென்ன ஹலோவீனு, ஹலோ சொல்ற நோம்பியா"ன்னு கேக்கறாங்க, எனக்கும் தெரியல. பொண்ணு வேற கோஸ்ட்ல எச் எதுக்குங்கறா, மான்ஸ்டர்னா என்னங்கறா. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சித்தூர் ரிட்டயர்டு வாத்தியார்:
தம்பி, ஹலோவுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஹாலோன்னா பழைய இங்கிலீஷ்ல புனிதர். ஈன்ங்கறது ஈவினிங், சுருங்கிப்போச்சு. நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுக்கு முந்தின சாயங்காலம், அதான் பேரு. மறுநாள் நவம்பர் 2தான் நம்ம பக்கத்து சர்ச்சுல எல்லாம் மெழுகுவத்தியும் பூவுமா கல்லறைக்குப் போற நாள், அம்மிச்சிக்கு அது கண்டிப்பாத் தெரியும். அதைச் சொல்லி ஆரம்பிங்க, பாதிக் கோவம் அடங்கிரும்.

கோஸ்ட்டுன்னா மொதல்ல பயமுறுத்தற பேய் இல்ல, ஆவி, உயிர். நாமளும் இட்லிப் பானையில வர்றதையும் ஆவிங்கறோம், செத்தவங்களையும் ஆவிங்கறோம், சர்ச்சுல பரிசுத்த ஆவிங்கறோம் பாருங்க, அதே மாதிரிதான் அவங்களுக்கும் ஹோலி கோஸ்ட். எச் கதை வேற. பழைய ஸ்பெல்லிங்ல அது கிடையாது, 1476ல இங்கிலாந்துல அச்சுக்கூடம் வெச்ச காக்ஸ்டன் அதுக்கு முன்னாடி பெல்ஜியம் பக்கம் ரொம்ப வருஷம் இருந்தவரு, அந்த ஊர்ப் பழக்கத்துல எச் ஒட்டிக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் புள்ளைங்க ஸ்பெல்லிங் டெஸ்ட்ல மார்க் போகுது.

மான்ஸ்டர்தான் எனக்குப் புடிச்ச வார்த்தை. லத்தீன்ல எச்சரிக்கறதுங்கற வேர்ல இருந்து வந்தது. ரெண்டு தலைக் கன்னுக்குட்டி பொறந்தா ஊருக்கு ஏதோ கெடுதல் வருதும்பாங்களே, அந்த மாதிரி அபசகுனத்துக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. கிளாஸ்ல பேசறவன் பேர எழுதி வெக்கற மானிட்டரும் அதே வேர்தான். முப்பது வருஷம் பாடம் எடுத்தவன் சொல்றேன், பொருத்தம்தான்.

வேலந்தாவளம் அக்கா:
வாத்தியாரே நைட்மேர் விட்டுட்டீங்க. மேர்னா பொட்டைக் குதிரைன்னு நெனச்சு, ராத்திரி குதிரை வந்து ஏன் பயமுறுத்துதுன்னு காலேஜ்ல நான் யோசிச்ச யோசனை இருக்கே. அது குதிரை இல்லையாம், தூங்கறவங்க நெஞ்சு மேல ஏறி உக்கார்ற ஒரு பேய். அப்டியே நம்ம அமுக்குவான் பேய்! ஓநாய் மனுசன் வேர்வுல்ஃப்ல வர்ற வேர்ங்கறது பழைய இங்கிலீஷ்ல ஆம்பளை, அதுவும் சமஸ்கிருத வீரனும் ஒரே குடும்பம். எங்க தாத்தா சொல்ற ஒடியன் கதைதான் நெனப்பு வருது, ராத்திரியில மாடா நாயா மாறி ஒத்தையில போறவன மறிப்பான்னு, அதுக்குப் பயந்தே செகண்ட் ஷோ போகாதவங்க அவரு.

பாப்பா மம்மி வேஷமும் போடலாம், பழைய வேட்டி சுத்துனா போதும். அது நம்ம அம்மாங்கற சொல்லுல இருந்து வந்ததாத்தான் இருக்கும்.

சித்தூர் ரிட்டயர்டு வாத்தியார்:
இல்லம்மா. எகிப்து மம்மி அரபி, பாரசீகம் வழியா வந்தது, பாரசீகத்துல மூம்னா மெழுகு, அதுல இருந்து மூமியான்னு தாரு மாதிரி ஒரு கறுப்புப் பொருளுக்குப் பேரு. ஐரோப்பாக்காரன் அந்த மம்மிய இடிச்சுப் பொடியாக்கி மருந்துன்னு தின்ன காலமும் உண்டு. தமிழ்ல இருந்து வந்ததுன்னு எல்லாத்துக்கும் சொல்லக்கூடாது.

வேலந்தாவளம் அக்கா:
சரிங்க வாத்தியாரே, மெழுகு. மார்க்கக் கொறைச்சுக்கோங்க 😀

வாளையார் லாரிக்காரன்:
நம்ம ஊர்ல இருந்து போன வார்த்தை வேணும்னா ஜக்கர்நாட். பூரி ஜெகநாதர் தேர் இருக்குல்ல, அதப் பாத்த வெள்ளைக்காரன் எதுவந்தாலும் நசுக்கிட்டுப் போறதுக்கு அந்தப் பேர வெச்சுட்டான். சாமி என்ன பாவம் பண்ணுச்சு. இங்கிலாந்துல இப்ப பெரிய லாரிக்கும் அதான் பேரு, லண்டன்ல ஓட்டற மச்சான் சொன்னான். வாளையார் செக்போஸ்ட் லைன்ல ராத்திரியெல்லாம் நகராம நின்னவனுக்கு ஜக்கர்நாட்டுன்னா சிரிப்புத்தான் வரும்.

பிரேதம் மாதிரியே குழப்பற வார்த்தை இன்னொண்ணு, நெம்மாறை வேலைக்குப் போறேன்னு சொன்னா எங்க முதலாளி சம்பளம் எவ்வளவுன்னு கேக்கறாரு. கேரளாவுல வேலைன்னா கோயில் திருவிழாங்கன்னு எத்தன தடவ சொல்றது.

கொழிஞ்சாம்பாறை அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு புனிதர் திருநாள், அதுக்கு முந்தின சாயங்காலம்னு சொன்னதும் அம்மிச்சி "இத அப்பவே சொல்றதுக்கென்ன"ன்னு எம்மேலயே திருப்பிட்டாங்க. பொணம், மம்மி ரெண்டும் வேண்டாமாம், ஒடியன்னா சரியாம். பொண்ணுக்கும் குஷி. கருப்புக் கம்பளி வீட்டுல இருக்கு, மாட்டுக் கொம்புக்குத்தான் வழி தெரியல, அட்டையில செஞ்சா தலையில நிக்க மாட்டேங்குது, யாராச்சும் ஐடியா சொல்லுங்க.