எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் மூச்சுப் பயிற்சி: மூன்றாவது பந்து எழவில்லை

கேள்வி:
வணக்கம். என் அக்காவுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியாக) ஸ்லீவ் எனும், இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். மூன்று பந்துகள் கொண்ட ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவியில் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வேகமாக இழுத்தால் இரண்டு பந்துகள் துள்ளி எழுந்து உடனே விழுந்துவிடுகின்றன, மூன்றாவது அசைவதேயில்லை. சில முறை இழுத்ததுமே தலை சுற்றுகிறது. தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் இருமலையும் அடக்கிக்கொள்கிறார். என்ன செய்யலாம்?

பதில் (இயன்முறை மருத்துவர்):
மூன்றாவது பந்தை விட்டுவிடுங்கள். அக்கருவியில் பந்துகள் காட்டுவது காற்று உள்ளே செல்லும் வேகத்தைத்தான். 600, 900, 1200 என்று அச்சிட்டிருந்தால் அது நொடிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கு. மயக்க மருந்தாலும், படுத்தே இருப்பதாலும், வயிற்றின் பருமன் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையை) மேலே தள்ளுவதாலும் நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் சுருங்கிவிடுகின்றன. அவற்றைத் திறப்பது வேகமான இழுப்பு அல்ல, மெதுவான, நீண்ட மூச்சு. முதல் பந்தை மட்டும் உயர்த்தி, முடிந்தவரை அங்கேயே நிறுத்தினால் போதும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றை முழுவதும் வெளியே விட்டபின், குழாயை உதடுகளால் இறுக மூடி மெதுவாக உள்ளிழுக்கட்டும். 3 முதல் 5 நொடி மூச்சைப் பிடித்துவிட்டு, குழாயை எடுத்துவிட்டு வெளியே விடட்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை என்பது பொதுவான அளவு. மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தலைசுற்றல் பெரும்பாலும் இடைவெளியின்றி இழுப்பதால் வருவது. ஒவ்வொரு மூச்சுக்குப் பிறகும் இயல்பாகச் சில முறை சுவாசித்தால் அடங்கும்.

இருமும்போது வயிற்றின் மேல் தலையணையை வைத்து இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் வலி குறையும். சளியை அடக்குவதுதான் ஆபத்து. மருத்துவர் எழுதிய வலி மாத்திரையைத் தவிர்க்க வேண்டாம், வலி இருந்தால் ஆழ்ந்த மூச்சு வராது. பகலில் அடிக்கடி நடக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், கருவியைவிட நடைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உறக்க மூச்சுத்திணறலுக்காக, முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை இரவில் அணிந்துவந்தார். தொடரலாமா?

பதில்:
பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். வலி மாத்திரைகளில் சில மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் இப்போது அதன் தேவை கூடுதல். எனினும் அறுவை மருத்துவரிடம் ஒரு முறை உறுதிசெய்யுங்கள். உடல் எடை குறையும்போது கருவியின் காற்றழுத்தத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், ஓய்விலும் குறையாத படபடப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியால் சரியாகும் என்று காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.