உலர்த்திய ரோஜா மழை ஈரத்தில் துவள்கிறது

திருவொற்றியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் மொட்டை மாடியில் பூக்கும் பன்னீர் ரோஜாக்களை, பூ இல்லாத மாதங்களிலும் பார்த்து மகிழ உலர்த்தி வைக்க முயன்று மூன்று முறை தோற்றுவிட்டேன். ஆகஸ்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டவை பத்தே நாளில் பழுப்பேறின. புத்தகத்துக்குள் வைத்தவற்றில் பூஞ்சை பிடித்தது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் நீலநிறச் சிலிகா ஜெல் மணிகளில் புதைத்து, மூடிய டப்பாவில் ஏழு நாள் வைத்தபோது நிறமும் வடிவமும் அப்படியே நின்றன. ஆனால் வெளியே எடுத்து அலமாரியில் வைத்த நான்காம் நாளே, ஐப்பசி மழையின் ஈரத்தில் இதழ்கள் துவண்டு, ஒவ்வொன்றாகக் காம்பை விட்டுக் கழன்றன. ஈரம் ஏறி இளஞ்சிவப்பாக மாறிய மணிகளைப் பழைய வாணலியில் (இனி அது சமையலுக்கு ஆகாது) சூடாக்கி, நீலம் திரும்பிய பின்னரே மறுபடி பயன்படுத்தினேன். உடன் புதைத்த வாடாமல்லி மட்டும், பெயருக்கேற்ப, இன்றும் வாடவில்லை.

உலர்ந்த ரோஜாவைத் திறந்த அலமாரியில் ஈரம் ஏறாமல் வைத்திருக்க, இதழ்களின் மேல் எதைப் பூசலாம்?