திருவிழா மேடைக்கும் ஒலிப்பதிவு அறைக்கும் ஒரே கிராஷ் போதுமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மெல்லிசைக் குழுவொன்றில் ஒன்பது ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன். பங்குனி, சித்திரையில் கம்பம் நட்டுவிட்டால் எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஊர்தோறும் மாரியம்மன் திருவிழா, ஊர்தோறும் மேடை. டிரம்ஸில் பாட்டின் திருப்பங்களில் ஓங்கி ஒலிக்க அடிக்கும் வட்டத் தகடுதான் கிராஷ் சிம்பல். அதை வாங்கியதில் நான் பட்டதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நான் முதலில் வாங்கியது 16 அங்குலம், கனத்த தகடு. ஒரு பக்கம் ஜமாப் மேளம், மறுபக்கம் வெடிச் சத்தம் என்றிருக்கும் மைதானத்தில் கனமான சிம்பல்தான் எடுபடும் என்று நம்பினேன். அடித்தால் கணீரென்று கேட்டது. மூன்று திருவிழாக் காலம் அதைத்தான் வாசித்தேன்.

பிறகு அம்மன் பாடல்கள் சிலவற்றுக்கு வாசிக்கக் கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார்கள். சரணம் தொடங்கும் இடத்தில் ஓர் அடி. பாடகி ஒரு வரியைப் பாடி முடித்த பிறகும் அதன் ரீங்காரம் அடங்கவில்லை. ஒலிப்பதிவாளர் என்னை உள்ளே கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார். தலைக்கு மேலே வைத்த இரண்டு மைக்குகளிலும் சிம்பல்தான் நிறைந்திருந்தது. ஸ்னேர் என்ற சிறு டிரம் எங்கோ தூரத்தில் கேட்டது. "இந்த மைக்கைக் குறைத்தால் டிரம்ஸ் மொத்தமும் சேர்ந்தல்லவா குறைகிறது, தம்பி?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவரே அங்கிருந்த 18 அங்குல மெல்லிய கிராஷை எடுத்து மாட்டினார். இலேசாகத் தட்டினாலே போதும், பால் பொங்குவது போலப் பொங்கி எழுந்து, பாட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் தணிந்துவிட்டது. தகடு மெலிந்திருந்தால் சிறிய அடியிலேயே முழுதும் அதிர்ந்துவிடும். சுருதி தாழ்ந்திருக்கும், சீக்கிரம் அடங்கும். தகடு கனத்தால் சுருதி ஏறும், ஓங்கி அடித்தால்தான் முழுதாகத் திறக்கும், ரீங்காரமும் நீளும். அளவு பெரிதானால் சுருதி இன்னும் தாழும். இத்தனையும் கடையில் நின்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை.

அந்த மயக்கத்தில் ஒரு மெல்லிய 18 வாங்கி அதையே திருவிழாவுக்கும் கொண்டுபோனேன். மேடையில் என் காதுக்கு அது எட்டவில்லை. எட்டவில்லையென்று கை வலிக்க அடித்தேன். ஆடி மாதத்துக்குள் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். கையில் எடுத்துப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது.

*

ஈரோட்டிலிருந்து:

அண்ணா, விரிசலுக்கு மெல்லிய தகட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒன்று உடைந்தது. விளிம்பை நேர்குத்தாக அடித்தேன். சிம்பல் ஆடாமல் இருக்கட்டுமென்று ஸ்டாண்டின் மேல்திருகை இறுக்கியிருந்தேன். சிம்பல் ஊஞ்சல் போல ஆட வேண்டும், அடி பக்கவாட்டில் வழுக்கிப் போக வேண்டும். ஸ்டாண்டுக் கம்பியில் பிளாஸ்டிக் குழல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் இரும்பு உரசி நடுத்துளை சாவித் துவாரம் போல நீண்டுவிடும். அங்கிருந்தும் விரிசல் புறப்படும். என் சிம்பலில் விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டு நிறுத்தினேன். இன்னும் பயிற்சிக்கு உதவுகிறது. ஒலி பழையபடி வரவில்லை.

இன்னொன்று. வாங்கப் போனபோது சிறிய மின்தராசு ஒன்றையும் எடுத்துப் போனேன். எங்கள் வீட்டில் மஞ்சள் வியாபாரம், எடை போடுவது பழக்கம். ஒரே பெயர், ஒரே 18 அங்குலம் என்றிருந்த இரண்டு சிம்பல்களுக்கு இடையே 90 கிராம் வித்தியாசம் இருந்தது. எடை குறைந்தது 1,380 கிராம், அதன் குரலே தனி. அதைத்தான் எடுத்தேன்.

*

திருப்பூரிலிருந்து:

நான் தேவாலயத்தில் வாசிக்கிறேன். கான்கிரீட் கூரை, எதிரொலி அதிகம். எனக்கு 16 அங்குல மெல்லியதே நிறைவு. முதலில் பித்தளைச் சிம்பல் வைத்திருந்தேன், தட்டைத் தட்டுவது போலிருந்தது. பிறகு வெண்கலத்துக்கு மாறினேன். 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் சேர்ந்ததை பி20 என்கிறார்கள். 8 பங்கு வெள்ளீயம் என்றால் பி8. பி8 என்றாலே மட்டம் என்று சிலர் சொல்வது தவறு. சிம்பல் செய்யும் பைஸ்டே நிறுவனம் 1971இல் கொண்டுவந்த '2002' என்ற பெயருள்ள வரிசை அந்தக் கலவைதான். உலக மேடைகளில் ஒலிக்கிறது.

என் அப்பச்சி மார்கழி பஜனையில் தாளம் போடுவார். என் சிம்பலை விரல் நகத்தால் சுண்டிவிட்டு, "இதுவும் நம்ம வெண்கலந்தான் கண்ணு" என்றார். கோயில் மணி வார்க்கும் கலவைக்கு பி20 மிக நெருங்கியது என்று பிறகு படித்தபோது அவர் காது எவ்வளவு சரி என்று நெகிழ்ந்துபோனேன்.

*

மீண்டும் கோபியிலிருந்து:

ஈரோட்டுத் தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். குழல் தேய்ந்துதான் போயிருந்தது. நன்றி.

போன மாதம் புதிதாக வாங்கும்போது முறையை மாற்றினேன். உடன் வந்த நண்பரை அடிக்கச் சொல்லிவிட்டு நான் கடை வாசலுக்குப் போய் நின்றேன். பக்கத்தில் இரைச்சலாகக் கேட்ட ஒன்று அங்கிருந்து கேட்டால் பாட்டோடு இழைந்தது. பக்கத்தில் இனித்த ஒன்று காணாமல் போனது. 18 அங்குலத்தில் மிக மெலிந்ததும் இல்லாமல், கனத்ததும் இல்லாமல் ஒன்று எடுத்தேன். மேடையில் அதற்கு மேலேயும் மைக் வைக்கச் சொல்லி, என் பக்கத்து ஒலிபெருக்கியில் கொஞ்சம் கேட்கும்படி செய்துகொள்கிறேன். கேட்கிறது என்று தெரிந்ததும் கை தானாகவே தணிந்துவிட்டது. ஒலிப்பதிவுக்கு மட்டும் மெல்லியதைத் தனியாக வாங்கச் சேர்த்து வருகிறேன். தை மாதத்துக்குள் முடிந்துவிடும்.