டோவர் நீரிணையைக் கடந்த புதியவர்கள்

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே வரை சுமார் 22 கடல் மைல்தான். ஆனால் நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்லும் நீரிணையை, பாய்மரப் படகில் முன்பின் ஏறியிராத மூன்று நண்பர்களுடன் கடப்பதென்றால், புறப்படும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் சுக்கான், ஒருவர் இடப்பக்கக் கண்காணிப்பு, ஒருவர் வலப்பக்கக் கண்காணிப்பு என்று பிரித்தேன். பாய்களையும் வானொலியையும் நானே பார்த்துக்கொண்டேன்.

அங்கே கப்பல்களுக்கு இரண்டு ஒருவழிப் பாதைகள் உண்டு. இங்கிலாந்துக் கரையோரம் தென்மேற்காகவும், பிரான்சுக் கரையோரம் வடகிழக்காகவும் செல்வார்கள். குறுக்கே போகும் படகு இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளில் பத்தாவது விதி. புதியவர்களுக்குப் புரியவைக்க மிகவும் கடினமானது இதுதான், ஏனென்றால் செங்கோணத்தில் இருக்க வேண்டியது படகின் முனையே தவிர, அது நகரும் தடம் அல்ல. நீரோட்டம் எங்களை வடகிழக்காகத் தள்ள, வரைபடத் திரையில் தடம் சாய்வதைக் கண்ட சுக்கான் நண்பர், அதைச் சரிசெய்ய முனையை வலப்புறம் திருப்பத் தொடங்கினார். "தம்பி, திரையைப் பார்க்காதீங்க, திசைகாட்டியில் 130-ஐ மட்டும் பிடிங்க" என்றேன். நீரோட்டத்தை எதிர்த்து முனையைத் திருப்பினால் பாதையைக் கடக்க அதிக நேரமாகும், கப்பலில் இருப்பவர்களுக்கும் நம் நோக்கம் விளங்காது. அவர் பிறகு அந்த எண்ணை விடவே இல்லை.

இரண்டாம் பாதையில் இயந்திரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, வலப்பக்கம் ஒரு கன்டெய்னர் கப்பல் தெரிந்தது. அப்பக்கத்து நண்பரிடம் கையில் பிடிக்கும் திசைகாட்டியைக் கொடுத்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை கப்பல் இருக்கும் திசையின் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்லியிருந்தேன். 191, 190, மீண்டும் 191. "அண்ணா, எண் மாறவே இல்லையே" என்றார், குரல் சற்று நடுங்க. திசை மாறாமல் கப்பல் நெருங்கினால் மோதும் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அந்த அளவுக் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் வந்தால், ஒரு கடல் மைலை மூன்றே நிமிடத்தில் கடந்துவிடும். தயங்காமல் ஐம்பது பாகை வலப்புறம் திரும்பினோம். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர்களுக்குக் கண்ணால் பார்த்தே புரியும்படி திருப்பம் பெரிதாக இருக்க வேண்டும், ஐந்து ஐந்து பாகையாகத் திருப்புவது யாருக்கும் உதவாது. 186, 179, 170 என எண் இறங்கத் தொடங்கியது, கப்பல் எங்களுக்கு முன்னால் கடந்து சென்றது.

திரும்பி வரும்போது அந்தக் கைத் திசைகாட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், போகும்போது சுக்கானில் இருந்த நண்பர்.